வேண்டாம் என்று சொல்ல இடமில்லை

ஜேடர்பாளையம்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பி ஜெகதீஸ்வரனுக்கு அக்கா சௌந்திரம் எழுதுவது.

நானும் உன் மாமாவும் இங்கே நலம். பெங்களூர்க் குளிரில் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறதா? ஜெயப்பிரியாவின் முதுகுவலி தேவலையா?

ஞாயிற்றுக்கிழமை போனில் நாம் போட்ட சத்தம் அடுத்த தோட்டம் வரை கேட்டதாம். "இனிமே உன் தம்பிகிட்ட எழுதிப் பேசு, எழுதும்போது கத்த முடியாது" என்று உன் மாமா சொல்லிவிட்டார். முடியும் என்று காட்டத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

போன வருசம் உன் பேச்சை நம்பித்தான் நாங்கள் ஆறு பெண்கள் உன் கம்பெனியின் வெல்ட்ரா கம்ப்யூட்டரை ஆளுக்கொன்று வாங்கினோம். முழு விலையும் கொடுத்து வாங்கினோம். அதுவரை பிலிக்கல்பாளையம் மண்டிக்கு வெல்லம் ஏற்றிக்கொண்டிருந்த நாங்கள், அதிலிருந்த 'கடை' என்ற பக்கத்தில் படம் போட்டு, சென்னைக்கும் கோயமுத்தூருக்கும் நாட்டுச்சர்க்கரையை நேராக விற்க ஆரம்பித்தோம். நன்றாகத்தான் போனது. அதை நான் மறுக்கவில்லை.

பொங்கல் கழிந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரு திரை வந்து நிற்கிறது. பக்கம் பக்கமாகப் பொடி எழுத்து, எல்லாம் இங்கிலீஷ். கீழே 'சரி' என்று ஒரே பொத்தான். 'வேண்டாம்' என்று ஒன்று இல்லவே இல்லை. அணைத்துப் போட்டுப் பார்த்தேன், மறுபடியும் அதே திரை. அதைத் தாண்டாமல் வந்திருக்கிற ஆர்டரைக்கூடப் பார்க்க முடியாது. வேறு வழியில்லாமல் அழுத்தினேன். அன்றிலிருந்து நான் விற்கிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஆறு ரூபாய் உன் கம்பெனிக்குப் போகிறது.

நான் பி.காம். படித்தவள், வியாபாரத்தில் கமிஷன் என்றால் என்ன என்று தெரியும். இடையில் நின்று வேலை செய்தவனுக்குக் கொடுப்பதுதான் கமிஷன். டிராக்டரை விற்றவன் அறுவடைக்கு வந்து மூட்டையில் பங்கு கேட்கிறானா?

இதற்கு யார் பொறுப்பு என்று மட்டும் விசாரித்து எழுது.

உன் அக்கா,
சௌந்திரம்

---

பெங்களூர்
1 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். பெரியவனுக்குப் பரீட்சை நெருங்குகிறது. மாமாவுக்குச் சர்க்கரை அளவு பார்த்தீர்களா? அவர் ஆலையில் நின்று சூடான பாகை நக்கிப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டது வசதிக் கட்டணம் அக்கா. இப்போது யாரும் புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதில்லை, எல்லோரும் போனிலேயே முடித்துக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டர் செய்கிற கம்பெனிகள் எல்லாமே இணைய வியாபாரத்திலிருந்து வருமானம் வருமா என்றுதான் பார்க்கின்றன. எங்கள் கம்பெனி மட்டும் புதிதாக எதையும் செய்துவிடவில்லை.

அந்தப் பிரிவைப் பார்ப்பவர்கள் வேறு. சந்தர்ப்பம் கிடைத்தால் சொல்கிறேன். ஆறு ரூபாய்தானே அக்கா, விலையில் ஏற்றி வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஜெகதீஸ்வரன்

---

ஜேடர்பாளையம்
9 மார்ச் 2025

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் மாமா பாகை நக்குவதை நிறுத்தவில்லை. பதம் பார்க்க வேறு வழி இல்லை என்கிறார்.

ஆறு ரூபாய்தானே என்று எழுதியிருக்கிறாய். கரும்பு வெட்டி, ஆட்டி, காய்ச்சி, பொட்டலம் போட்டு அனுப்பினால் எங்கள் கையில் நிற்பதே நூற்றுக்குப் பன்னிரண்டோ பதிமூன்றோதான். அதில் பாதியை எடுத்துக்கொண்டு 'தானே' என்கிறாய்.

இன்னொன்றும் கேள். 'கடை' வழியாக வராமல், பழைய பழக்கத்தில் போன் போட்டு ஆர்டர் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கம்ப்யூட்டரில் பில் போட்டுப் பணம் வாங்கினால் அதிலும் பிடிக்கிறான். கந்தம்மாளின் சொந்த நாத்தனார் அனுப்பிய பணத்தில்கூடப் பிடித்திருக்கிறான். கந்தம்மாளை உனக்குத் தெரியுமே, எங்கள் ஆறு பேரில் மூத்தவர். "அவுங்கூட்டுக்கும் நம்மூட்டுக்கும் நடுவுல இவன் யாருங்க அம்மணி?" என்று என்னைக் கேட்டார்.

பரமத்தி வேலூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் தனசேகரிடம் கொண்டுபோய், அந்தக் 'கடை'யைக் கழற்றிவிடச் சொன்னேன். கை வைத்ததும் மிஷின் பூட்டிக்கொண்டது. அனுமதி இல்லாத மாற்றம், இனி கேரண்டி கிடையாது என்று திரையில் எழுதி வருகிறது. என் காசில் வாங்கி என் ஊட்டு மேசைமேல் இருக்கிற பொருளில் நான் கை வைக்க யாருடைய அனுமதி வேண்டும்?

யார் பொறுப்பு என்று கேட்டிருந்தேன். அதற்கு நீ பதில் எழுதவில்லை.

சௌந்திரம்

---

பெங்களூர்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் நலமறிய ஆவல். வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

தயவுசெய்து வெளி ஆட்களை விட்டு மிஷினைத் தொடவிடாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரை நான் இங்கிருந்தே திறந்துவிடச் சொல்லியிருக்கிறேன், இரண்டு நாளில் சரியாகிவிடும். மற்றவர்களிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

பிள்ளைகள் லீவுக்கு வரவேண்டும் என்கிறார்கள். எனக்குத்தான் நேரம் அமையவில்லை. வெயிலில் அலையாதீர்கள்.

ஜெகதீஸ்வரன்

---

ஜேடர்பாளையம்
2 ஜூன் 2025

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை.

கம்ப்யூட்டர் திறந்துகொண்டது. மற்றவர்களிடம் சொல்லவேண்டாம் என்று எழுதினாயே, அன்று மாலையே ஐந்து பேரிடமும் சொன்னேன். எனக்கு மட்டும் திறக்க முடியுமானால் எல்லோருக்கும் முடியும் என்றுதானே அர்த்தம்?

போன வாரம் அம்பத்தூரிலிருந்து ஞானமேரி பேசினார். சேலத்துக்காரர், எங்களிடம் முதலில் வாங்க ஆரம்பித்தவர். "சௌந்திரம், உங்க சர்க்கரைய நிறுத்திட்டீங்களா? உங்க பேரைப் போட்டுத் தேடினா மேல வெல்ட்ரா சர்க்கரைன்னு வருது. உங்களுது எங்கியோ அடியில கிடக்குது" என்றார். அவர் எப்போது வாங்குவார், எத்தனை கிலோ வாங்குவார் என்று தெரிந்துவைத்து, தீருகிற சமயம் பார்த்து அவருக்குச் செய்தியும் அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் கம்ப்யூட்டருக்குள் இருந்த கணக்கைப் பார்த்து எங்கள் ஆட்களிடமே விற்கிறார்கள். கம்ப்யூட்டர் செய்கிறவனுக்குச் சர்க்கரை எங்கிருந்து வந்தது ஜெகதீசு? எவனிடமோ மூட்டையில் வாங்கிப் பையில் அடைத்து, மேலே கரும்புத் தோட்டத்துப் படம் போட்டிருக்கிறான்.

அந்தப் பையைக் காட்ட ஒரு விளம்பரப் படம் போடுகிறார்கள். ஈஸ்வர் போனில் காட்டினான். அவன் கந்தம்மாளின் மகன், எங்கள் பொட்டலங்களைக் கூரியருக்குக் கொண்டுபோகிறவன். படத்தில் பாகு காய்ச்சும் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று ஒரு பொம்பளை சிரிக்கிறாள். 'வெல்ட்ரா என் வாழ்க்கையை மாற்றியது' என்று கீழே எழுத்து ஓடுகிறது. அந்தப் பொம்பளை நான்.

பொங்கலுக்கு வந்தபோது ஆலையில் நீ எடுத்தது அது. "பிள்ளைகளுக்குக் காட்டணும், கொஞ்சம் சிரிங்கக்கா" என்றாய். சிரித்தேன்.

அந்தப் பிரிவைப் பார்ப்பவர்கள் யார்? பெயரை எழுது.

சௌந்திரம்

---

ஜேடர்பாளையம்
14 ஜூலை 2025

ஜெகதீஸ்வரனுக்கு,

நலம் விசாரிக்க இன்று எனக்கு மனசில்லை. நீ நன்றாக இருப்பதை நேற்று மேடையிலேயே பார்த்துவிட்டேன்.

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. ஆனால் உன் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. சேலத்தில் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு ஹோட்டலில் வியாபாரிகள் கூட்டம், டிபன் உண்டு என்று. ஆறு பேரும் ஒட்டுக்கா பஸ் ஏறிப் போனோம். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான், "இந்தத் திட்டத்தின் தலைவர், நம்ம மண்ணின் மைந்தர்" என்று மைக்கில் உன் பெயரைச் சொன்னார்கள். நீ கோட்டுப் போட்டுக்கொண்டு ஏறி வந்தாய். நான் கேட்ட பெயர் எனக்குக் கிடைத்துவிட்டது.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். எழுந்தேன். வேண்டாம் என்று சொல்ல ஏன் இடம் வைக்கவில்லை, எங்கள் வாடிக்கைக்காரர்களிடம் நீங்கள் ஏன் விற்கிறீர்கள், என்னைக் கேட்காமல் என் முகத்தை ஏன் போட்டீர்கள் என்று மூன்றையும் கேட்டேன்.

நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, "மேடம், உங்க கருத்தை எழுதிக் குடுங்க, எங்க டீம்ல பாப்பாங்க" என்றாய்.

என் பக்கத்திலிருந்த கந்தம்மாள் எழுந்து, "மேடமா? ஏஞ்சாமி, அது உங்கக்கா!" என்று கத்தினார். ஹால் முழுக்கச் சிரித்தது. நீ தண்ணீர் குடித்தாய். அவர்கள் கொடுத்த டிபனை நாங்கள் தொடவில்லை. பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு வந்தோம்.

இன்று காலை ஆறு பேருக்கும் ஒரே செய்தி வந்திருக்கிறது. எங்கள் விற்பனைப் பணம் 'சரிபார்ப்பு'க்காக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதாம். கேள்வி கேட்ட மறுநாளே சரிபார்க்கத் தோன்றியிருக்கிறது. கரும்பு வெட்டினவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். அவர்களிடம் போய் நான் சரிபார்ப்பு என்று சொல்ல முடியுமா?

சௌந்திரம்

---

பெங்களூர்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பல தடவை எழுதிக் கிழித்தேன். மாமாவும் நீங்களும் நலம்தானே? ஆற்றில் தண்ணீர் அதிகம் என்று செய்தியில் பார்த்தேன். படுகை வயலுக்குப் போகும்போது கவனம்.

இரண்டு வருசத்துக்கு முன் எங்கள் ஆபீசில் மூன்று மாடி முழுக்க ஆட்கள் இருந்தார்கள். இன்று ஒரு மாடிதான். ஒரு கம்ப்யூட்டரை விற்றால் ஒரே ஒரு முறைதான் லாபம். அது நடத்துகிற ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு துளி வந்தால் கம்பெனி பிழைக்கும் என்றார்கள். அந்தத் துளிக்கு வழி செய்கிறவனை வைத்துக்கொள்வோம், மற்றவர்களை அனுப்புவோம் என்றும் சொன்னார்கள். எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்கள் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள்.

பணம் நிறுத்தப்பட்டதற்கு நான் காரணம் இல்லை. இத்துடன் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு தாள் வைத்திருக்கிறேன். பிடித்தம் பற்றி இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினால், பாக்கி முழுவதும் ஒரே வாரத்தில் வந்துவிடும். அதற்கு நான் பொறுப்பு.

உங்கள் தம்பி,
ஜெகதீஸ்வரன்

---

ஜேடர்பாளையம்
11 ஆகஸ்ட் 2025

தம்பிக்கு,

சுகம்.

உன் இடத்தில் இருந்து யோசித்தேன். என் இடத்தில் இருந்து நீ யோசித்தாயா என்று உன் கடிதத்தில் தேடினேன். மேடையைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் முகத்தைப் பற்றியும் ஒரு சொல் இல்லை.

கந்தம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஈஸ்வருக்கு டிப்ளமா பீஸ் கட்ட நாள் முடிகிறது, அவரால் காத்திருக்க முடியாது. போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தலையைக் குனிய வைத்தது நீ.

மீதி ஐந்து தாளையும் உனக்கே திருப்பி அனுப்புகிறேன். நாமக்கல் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தாயிற்று. உன் மாமா வெல்லத்தை மறுபடியும் மண்டிக்கு ஏற்றிவிட்டார். விலை குறைவுதான். ஆனால் அங்கே யார் எவ்வளவு எடுக்கிறான் என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

சௌந்திரம்

---

பெங்களூர்
5 அக்டோபர் 2025

மரியாதைக்குரிய சௌந்திரம் நங்கையாவுக்கு உங்கள் தம்பி மனைவி ஜெயப்பிரியா எழுதிக்கொள்வது.

நீங்களும் அண்ணனும் நல்லா இருக்கீங்களா நங்கையா? என் முதுகுவலி இப்போது பரவாயில்லைங்க. பிள்ளைகள் அத்தையை எப்போது பார்ப்போம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லைங்க. அடுத்த மாதம் நாமக்கல்லுக்கு வந்து கம்பெனி பக்கம் பேசவேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். வக்கீல் தினமும் போனில் சொல்லிக் கொடுக்கிறார், இவர் பிள்ளைகள் மாதிரி ஒப்பிக்கிறார். தப்பு உங்கள் மேல் இல்லைங்க நங்கையா, எனக்கும் அது தெரியும். ஆனாலும் சொந்த அக்காவுக்கு எதிரே போய் நிற்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாதா? பெரிய மனசு பண்ணுங்க.

உங்கள்,
ஜெயப்பிரியா

---

ஜேடர்பாளையம்
19 நவம்பர் 2025

அன்புள்ள ஜெயப்பிரியாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் கண்ணு. உன் கடிதத்துக்கு உடனே பதில் போடாததற்கு வருத்தப்படாதே. முடியாது என்பதை உன்னிடம் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று விசாரணை முடிந்தது. அவன் உன்னிடம் என்ன சொன்னானோ, சொன்னானோ இல்லையோ, நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

அவன் கம்பெனி வக்கீலோடு காரில் வந்து இறங்கினான். எங்கள் அம்மா சாவுக்குப் பிறகு இவ்வளவு இளைத்து நான் அவனைப் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டான். உன் அண்ணன், "உடு, பேசாத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வக்கீல் ஜோராகப் பேசினார். இவர்கள் வியாபாரிகள், நுகர்வோரே கிடையாது என்றார். பிழைப்புக்காகத் தாங்களே செய்கிற தொழில்தானே என்று ஆணையத் தலைவர் அதை ஒதுக்கிவிட்டார். அப்புறம், "ஒவ்வொருத்தரும் 'சரி'ங்கிற பொத்தானை அழுத்தித்தான் சம்மதிச்சாங்க. அழுத்தச் சொல்லி யாரும் கையைப் பிடிக்கலை" என்றார்.

தலைவர் கேட்டார்: "அந்தத் திரையில 'வேண்டாம்'னு ஒரு பொத்தான் இருந்துதா?"

அது தொழில்நுட்ப விஷயம், எங்கள் அதிகாரி சொல்வார் என்று வக்கீல் உன் வீட்டுக்காரரைக் காட்டினார். அவன் எழுந்தான்.

"முதல்ல செஞ்சப்ப இருந்துதுங்க" என்றான்.

"அப்புறம்?"

"எடுத்துட்டோமுங்க."

வக்கீல் ஏதோ சொல்ல வந்தார். தலைவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "யாரு எடுக்கச் சொன்னது?" என்று கேட்டார்.

"நான்தானுங்க."

"ஏன்?"

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "கொஞ்சம் பேர்கிட்டக் குடுத்து சோதனை பண்ணிப் பாத்தமுங்க. பத்துக்கு எட்டுப் பேரு வேண்டாம்னு அழுத்தினாங்க" என்றான்.

வேண்டாம் என்று சொல்வார்கள் என்று தெரிந்தே அந்த வாயை அடைத்திருக்கிறார்கள். இத்தனை மாசமாக நான் ஊகித்தது அது ஒன்றுதான். ஆனாலும் அவன் வாயால் கேட்டபோது எனக்குச் சந்தோசமே வரவில்லை.

வெளியே வந்தபோது வக்கீலின் கார் போய்விட்டது. அவனை ஏற்றிக்கொள்ளவில்லை. அவன் தனியாக பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். உன் அண்ணன் கூப்பிடப் போனார், நான்தான் வேண்டாம் என்றேன். அது சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை.

அவனைச் சாப்பிட வை.

நங்கையா,
சௌந்திரம்

---

பெங்களூர்
28 டிசம்பர் 2025

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். விடச் சொன்னார்கள் என்பதே சரி.

ஜெயப்பிரியா உங்கள் கடிதத்தைக் காட்டினாள். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கம் பேச வேண்டும் என்று நான் நாமக்கல் வரவில்லை. கம்பெனி பக்கம் பேசத்தான் வந்தேன். பாடம் பண்ணிக்கொண்டும் வந்தேன். கேட்டபோது அது வாயில் வரவில்லை. நான் என்னமோ தியாகம் செய்துவிட்டதாக ஊரில் யாராவது பேசினால் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

ஜெகதீஸ்வரன்

---

ஜேடர்பாளையம்
22 ஜனவரி 2026

தம்பிக்கு,

நாங்கள் நலம். பிள்ளைகளின் படிப்புக்கு இடைஞ்சல் இல்லாமல் பார்த்துக்கொள்.

தியாகம் என்று இங்கே யாரும் பேசவில்லை, அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

தீர்ப்பு வந்துவிட்டது. எங்கள் ஐந்து பேரிடம் பிடித்ததையும் நிறுத்தி வைத்ததையும் திருப்பித் தரவேண்டும், அந்தக் 'கடை' வேண்டாம் என்பவர்களின் மிஷினைத் திறந்துவிடவேண்டும், என் படத்தை எடுக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். கம்பெனி விடாமல் சென்னைக்கு அப்பீல் போயிருக்கிறது. போகட்டும். நாங்களும் போவோம்.

கந்தம்மாளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. நீ அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட்டதால் அவர் கேட்க முடியாதாம். ஆறு பேரில் ரொம்பவும் வசதி இல்லாதவர் அவர்தான், ஒன்றும் வராததும் அவருக்குத்தான். வருவதை ஆறாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று நாங்கள் சொன்னோம். "எனக்கு எதுக்கு உங்க காசு?" என்று எழுந்து போய்விட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உன்மேல் வருகிற கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

நீ என்னிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கடிதத்தில் கேட்காதே, அது எனக்கு வேண்டாம். நேரில் வந்து கந்தம்மா ஊட்டு வாசலில் நின்று கேள். அவர் திட்டுவார், வாங்கிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயப்பிரியாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. என் கோபம் தீரட்டும் என்று காத்திருந்தால் நாம் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே முடியாது. அது தீரவில்லை, இப்போதைக்குத் தீராது. கோபத்தோடயே சோறு போடுறேன், வந்து சாப்பிடு.

அக்கா